தமிழ் கற்க வருவோருக்கு எந்த இலக்கணம்?

திருப்பூர், கோவை, ஓசூர், சென்னைப் புறநகர் என்று ஆலைகளும் கட்டுமானமும் நிறைந்த ஊர்களின் அரசுப் பள்ளிகளில், போஜ்புரி, மைதிலி, வங்காளம், ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2006-இல் நிறைவேறிய தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே இந்தப் பிள்ளைகளும் தமிழ் படித்தாக வேண்டும். படிக்கவும் செய்கிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகமொத்தம் 247 என்று ஒப்பிக்கிறார்கள். பெயர்ச்சொல் ஆறு வகைப்படும் என்று பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால், "டீச்சர், எனக்குத் தலை வலிக்குது, வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கேட்க வேண்டிய நேரத்தில் வாய் வருவதில்லை. தலையைத் தொட்டுக் காட்டிவிட்டு நிற்கிறார்கள்.

இதற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாடம் முடிக்கப் போராடும் ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. கோளாறு, நாம் எடுத்துக் கொடுக்கும் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழைப் பேசியே வளர்ந்தவருக்கு இலக்கணம் என்பது ஏற்கெனவே கைவந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கும் வேலை. வெளியிலிருந்து கற்க வருபவருக்கோ, தெரியாத வாக்கியத்தைக் கட்டிப் பழகும் வேலை. முதல் வேலைக்காக எழுதப்பட்ட புத்தகத்தையே இரண்டாவதற்கும் நீட்டிவிட்டு, "இந்தப் பசங்களுக்குத் தமிழ் ஏறவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்கிறோம்.

நமக்குத் தெரிந்தது நமக்கே தெரியாது

ஒரு சாதாரண வாக்கியத்தைப் பார்ப்போம்: "நேற்று மழையில் நனைந்து வந்த பையனுக்கு டீச்சர் துண்டு கொடுத்தார்." தமிழர் யாருக்கும் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாகக் கற்பவருக்கு இந்த எட்டுச் சொற்களில் தமிழ் வாக்கியத்தின் பாதி ரகசியம் அடங்கியிருக்கிறது. வினை கடைசியில் நிற்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதைச் சொற்கள் நிற்கும் இடம் தீர்மானிக்கவில்லை. 'பையனுக்கு' என்பதில் உள்ள 'கு' தீர்மானிக்கிறது. அதனால் "டீச்சர் பையனுக்குத் துண்டு கொடுத்தார்" என்றாலும் "துண்டு கொடுத்தார் டீச்சர், பையனுக்கு" என்றாலும் கொடுத்தவர் மாறுவதில்லை. பையனைப் பற்றிய விவரம் முழுவதும் அவனுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நனைவது, வருவது, கொடுப்பது என்று மூன்று செயல்கள் இருந்தும் முற்றுப்பெற்ற வினை ஒன்றுதான். மற்ற இரண்டில் ஒன்று அடுத்த வினையையும் மற்றது பெயரையும் சார்ந்து எச்சமாக நிற்கின்றன.

இன்னும் நுணுக்கமான ஒன்றும் உண்டு. 'துண்டு கொடுத்தார்' என்பதற்கும் 'துண்டைக் கொடுத்தார்' என்பதற்கும் வேறுபாடு என்ன? முதலாவது ஏதோ ஒரு துண்டு. இரண்டாவதில் எந்தத் துண்டு என்று பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால், மனிதர் என்றால் இந்த விருப்பம் பெரும்பாலும் கிடையாது: 'அம்மாவைப் பார்த்தேன்' என்றுதான் சொல்வோம், 'அம்மா பார்த்தேன்' என்று நம் வாயில் வராது. இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' என்று பள்ளியில் படித்தோம். அதை எப்போது விடலாம், எப்போது விடக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மூன்று வயதிலேயே நாம் அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தோம். பிகாரிலிருந்து வந்து நான்காம் வகுப்பில் சேர்ந்த சிறுமிக்கு வேண்டியது, நாம் சொல்லிக்கொடுக்காமல் விட்ட இந்தப் பகுதிதான்.

ஒருவரே எழுதிய இரண்டு இலக்கணம்

இந்த வேறுபாடு புதிய கண்டுபிடிப்பும் அன்று. தமிழ்நாட்டுக்கு வந்த ஐரோப்பியப் பாதிரியார்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை உணர்ந்திருந்தார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவர் லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. கற்க வருபவருக்கு எது முதலில் தேவை என்பது, தானே கற்கத் தொடங்கி இடறி விழுந்தவருக்குத் தெரிந்திருந்தது.

வீரமாமுனிவர் இன்னும் தெளிவான சான்று. தமிழ்ப் புலவர் மரபில் நின்று, தமிழிலேயே, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் சொல்லும் தொன்னூல் விளக்கத்தை எழுதியவர் அவர். அதே மனிதர், புதிதாக வரும் பாதிரியார்களுக்கென்று மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. தொன்னூல் விளக்கத்தையே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. ஜி.யு. போப் 1855-இல் வெளியிட்ட தமிழ்க் கையேடும், ஏ.எச். ஆர்டன் 1891-இல் வெளியிட்ட, படிப்படியாக ஏறிச்செல்லும் தமிழ் இலக்கணமும் இந்த வழியில் வந்தவையே.

அவர்களுடைய நோக்கம் மதப் பிரசாரம். அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால், கற்பவர் யார் என்று பார்த்து இலக்கணத்தை எழுத வேண்டும் என்ற பாடம் அவர்களிடமிருந்து நமக்குக் கிடைத்தது. அதை நாம் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

வாக்கியத்திலிருந்து தொடங்குவது மேலைநாட்டு முறை, நம் மரபுக்கு ஒவ்வாது என்று சிலர் நினைக்கக்கூடும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைத் திறந்தால் அந்த ஐயம் தீரும். அதன் முதல் இயலான கிளவியாக்கம், உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டோடு தொடங்கி, எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றில் எப்படிப் பொருந்த வேண்டும், எங்கே வழுவும், எந்த வழுவை ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் பேசுகிறது. வாக்கியம் பிழையில்லாமல் நிற்பதற்கான வழிதான் அங்கே முதல் பாடம். வகைகளை எண்ணி மனப்பாடம் செய்வதே இலக்கணம் என்று ஆக்கியது நம் தேர்வு முறை. பழியை மரபின் மேல் போடுவது நியாயமில்லை.

வெறுங்கையோடு வருவதில்லை

கற்க வரும் பிள்ளை எதுவும் தெரியாத பிள்ளை என்பது நம்முடைய இன்னொரு தவறான எண்ணம். இந்தி பேசும் பிள்ளைக்குத் தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு ஏற்கெனவே தெரியும். இந்தியிலும் வினை கடைசியில்தான். 'வீட்டில்' என்பதை 'கர் மே' என்று, பெயருக்குப் பின்னால்தான் வைக்கிறார்கள். 'போய்ப் பார்த்து வாங்கி வந்தான்' என்று எச்சங்களைக் கோக்கும் வழியும் அவர்களிடம் உண்டு. நாம் 'எனக்குப் பசிக்கிறது' என்பதுபோல அவர்களும் பசியை 'எனக்கு' என்றே தொடங்குகிறார்கள். 'ஐ' உருபை விடுவதும் சேர்ப்பதும்கூட அவர்களுடைய 'கோ'வைப் பயன்படுத்தும் விதத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஒரு வகையில் தமிழ் அவர்களுக்கு எளிது. இந்தியில் நாற்காலிக்கும் ரயிலுக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு; ரொட்டி சாப்பிட்டேன் என்னும்போது வினை ரொட்டியின் பாலைப் பார்த்து மாறும். தமிழில் பொருள்களெல்லாம் அஃறிணை. வினை எழுவாயைப் பார்த்தால் போதும். முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இடறும் இடங்களையும் இதே ஒப்பீடு காட்டிக்கொடுக்கும். இந்தியில் 'நான் மாணவன்' என்பதற்குக் கடைசியில் 'ஹூ' என்றொரு சொல் வேண்டும். ஆகவே அந்தப் பிள்ளை தமிழிலும் ஒன்றைத் தேடி, "நான் மாணவன் இருக்கிறேன்" என்று சொல்லும். வங்காளத்தில் நம்மைப்போலவே அந்த ஒட்டுச்சொல் இல்லை. வங்காளப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலும் இல்லை. ஆனால், வங்காளத்திலும் ஒடியாவிலும் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு 'வந்தான்', 'வந்தாள்' என்று பிரிப்பது புதுப் பழக்கம். இலங்கையிலும் இதே கதை. 1987-இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிய பிறகு, அரசுப் பணியில் உள்ள சிங்களவர்கள் தமிழ் கற்கிறார்கள். சொற்களின் வரிசை அவர்களுக்குச் சிக்கலே இல்லை. சிங்களத்திலும் வினை கடைசியில்தான். ஆனால், பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் எல்லோருக்கும் வினை ஒரே வடிவில் நிற்கும். அவர்களுக்குத் தமிழ் வினையின் விகுதிகளே மலை.

ஆக, ஒரே வகுப்பில் வெவ்வேறு மொழிப் பிள்ளைகள் வெவ்வேறு இடத்தில் இடறுகிறார்கள். எல்லோருக்கும் 'பெயர்ச்சொல் எத்தனை வகைப்படும்?' என்ற ஒரே கேள்வியைக் கொடுத்து என்ன பயன்?

'அழுந்தான்' என்ற பிழை

கற்பவருக்குத் தமிழில் உண்மையிலேயே கடினமான பகுதி வினைச்சொல். 'அழு', 'விழு' இரண்டையும் பாருங்கள். அழுகிறான், விழுகிறான், அழுவான், விழுவான். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் இரண்டும் சோடி மாறாமல் வருகின்றன. இறந்தகாலத்தில் மட்டும் அழுதான், விழுந்தான் என்று பிரிகின்றன. 'எழு' விழுவோடு போகும். 'உழு', 'தொழு' அழுவோடு போகும். புதிதாகக் கற்கும் பிள்ளை 'அழுந்தான்' என்று எழுதினால் நாம் சிவப்பு மையில் சுழிக்கிறோம். அந்தப் பிள்ளை 'விழுந்தான்' என்பதைக் கேட்டு, தானே ஒரு விதியைக் கண்டுபிடித்து, இன்னொரு வினையில் போட்டுப் பார்த்திருக்கிறது. அது கற்றல் நடப்பதற்கான அடையாளம். அந்த இடத்தில், 'இந்த வினைகள் ஒரு கூட்டம், அந்த வினைகள் இன்னொரு கூட்டம்' என்று காட்டினால் வேலை முடிந்தது.

காட்டுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, வினைகளை வகைபிரித்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் போட்டிருக்கிறது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு வினைக்கும் 'செய்ய', 'செய்து' என்ற இரண்டு வடிவங்களைத் தருகிறது. அந்த இரண்டும் தெரிந்தால் மற்ற வடிவங்களைப் பெரும்பாலும் தானே கட்டிவிடலாம். அகராதிக்காரர்கள் செய்த இந்த உதவி பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை.

கடினமான இடத்தில் மனப்பாடம் வேண்டும்தான். ஆனால், ஒரே விதியில் நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வரும் இடங்களும் தமிழில் ஏராளம். மரம், பணம், பழம், படம், புத்தகம் என்று 'அம்' என்று முடியும் பெயர்களெல்லாம் உருபு ஏற்கும்போது மரத்தை, பணத்தில், பழத்துக்கு என்று 'த்து'வுக்கு மாறும். வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில், நேற்று வந்த ரோடுகூட ரோட்டில். உடைகிறது, உடைக்கிறான், எரிகிறது, எரிக்கிறான், அழிகிறது, அழிக்கிறான், மறைகிறது, மறைக்கிறான். தானாக நடந்தால் ஒற்றை 'க', ஒருவர் நடத்தினால் இரட்டை 'க்க'. இதை ஒரு பீரியடில் சொல்லிக்கொடுத்து, அடுத்த பீரியடில் பத்து வினைகளைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்துவிடுவார்கள். நம் புத்தகத்தில் இவை சாரியை, தன்வினை, பிறவினை என்ற பெயர்களுக்குக் கீழே வரையறையாக உறைந்துகிடக்கின்றன.

மறுப்பும் அப்படித்தான். இந்திக்காரர் பெரும்பாலும் 'நஹீ' என்ற ஒரு சொல்லை வைத்து ஓட்டிவிடுவார். தமிழில் வந்ததை மறுத்தால் 'வரவில்லை', வரப்போவதை மறுத்தால் 'வரமாட்டேன்', பஸ்ஸைச் சொன்னால் 'வராது', தடுத்தால் 'வராதே', விதியாகச் சொன்னால் 'வரக்கூடாது'. ஐந்தையும் ஐந்து சூழலில் வைத்துக் காட்டாமல், எதிர்மறை என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் கற்பவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை'யையே போடுவார். நாம் சிரிப்போம்.

சிரிப்பதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. பழைய படங்களில் 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசும் சேட்டுக்குத் தியேட்டரே சிரித்தது. சிரிப்போடு நின்றால் பரவாயில்லை. கட்டட வேலைக்கு வந்த ஓர் இளைஞன், டீக்கடைப் பெரியவரைப் பார்த்து "நீ இங்க வா" என்கிறான். பெரியவருக்குக் கோபம் வருகிறது. திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குகிறான். அவன் அந்தத் தமிழை எங்கே கற்றான்? மேஸ்திரியும் சூப்பர்வைசரும் நாள் முழுக்க அவனைப் பார்த்துச் சொல்வது 'வா', 'போ', 'எடு', 'தூக்கு'தான். அவன் காதில் விழுந்த தமிழ் முழுக்க ஏவல் ஒருமை. அவனுடைய தாய்மொழியில் மரியாதைப் பன்மை இல்லாமல் இல்லை. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று படி உண்டு. "பெரியவங்ககிட்ட 'வாங்க', 'போங்க'ன்னு சொல்லணும்" என்று யாராவது ஒருவர் ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். அவன் பேசியது நம்மிடம் கற்றுக்கொண்ட தமிழ்.

பேச்சா, எழுத்தா?

எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் ஒன்று என்பது கற்பவருக்கு இன்னொரு சுமை. புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்', வாசலில் 'வந்துட்டிருக்காங்க'. புத்தகத்தில் 'உடம்பு', 'இலை'. வீட்டில் 'ஒடம்பு', 'எலை'. இரண்டும் வேறு மொழி என்றே புதியவர் நினைத்துவிடுகிறார். உண்மையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை பெரும்பாலும் ஒழுங்கானது. 'போகிறேன்' போறேன் ஆகும்போது, 'வருகிறேன்' வர்றேன் ஆகிறது, 'பார்க்கிறேன்' பாக்குறேன் ஆகிறது. 'அவர்கள்' அவங்க என்றால் 'நீங்கள்' நீங்க. வாக்கியத்தின் கட்டுக்கோப்போ இரண்டிலும் ஒன்றே.

'எந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுப்பது? மதுரையா, நெல்லையா, கொங்கா, சென்னையா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், எல்லா வட்டாரத்தாருக்கும் புரிகிற ஒரு பொதுப் பேச்சு நாடகத்திலும் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நெடுநாளாகப் புழங்குகிறது. ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே எழுதிய இலக்கணம் 1999-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்றது. பேச்சில் தொடங்கினால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. நாம் எல்லோருமே பேச்சில் தொடங்கி எழுத்துக்கு வந்தவர்கள்தான்.

'குழந்தைகள் விளையாட்டிலேயே மொழியைப் பிடித்துக்கொள்வார்கள், இலக்கணமே எதற்கு?' என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதம். ஐந்து வயதில் வரும் குழந்தைக்கு அது பெரும்பாலும் சரி. பத்து வயதில் வந்து, சில ஆண்டுகளில் தமிழில் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. மாலையில் ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. வாக்கியத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் வேகமாகப் போவார்கள்.

இந்தப் பாடம் தமிழோடு நிற்பதும் இல்லை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கும் காரணம் இதுவே. 'அவள் டீச்சர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால் நம் பிள்ளை ஆங்கிலத்தில் 'இஸ்'ஸை விழுங்குகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் நடுவில் நிற்கிறது என்று இரண்டு வாக்கியத்தைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டாமல், பன்னிரண்டு காலங்களின் அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. முதலாவதாக, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கென்று நூறு பக்கத்துக்குள் ஒரு வாக்கிய இலக்கணம் வேண்டும். இந்தி, வங்காளம், ஒடியா என்று அந்தந்த மொழியில் விளக்கத்தோடு அது வரட்டும். எழுவாய், பயனிலை, உருபு, வினை விகுதி, எச்சம், மறுப்பு, மரியாதை என்ற ஏழு பாடம் அதில் முதலில் இருக்கட்டும். இரண்டாவதாக, பி.எட். பாடத்தில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது எப்படி என்பதைத் தனித் தாளாக வைக்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு நன்னூல் தெரியும். 'அழுந்தான்' ஏன் தப்பு என்று ஒரு பிகார்ப் பிள்ளைக்கு விளக்குவது வேறு திறமை. மூன்றாவதாக, அந்தப் பிள்ளைகளின் தேர்வில் வகைகளை எண்ணச் சொல்லும் கேள்விகளை எடுத்துவிட்டு, ஐந்து வாக்கியம் பேசவும் எழுதவும் சொல்லுங்கள்.

இதற்கான அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1969-இல் மைசூரில் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பிற மாநில ஆசிரியர்களுக்குத் தமிழ் உள்ளிட்ட தென்மொழிகளைக் கற்பித்த அனுபவம் உடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கி நம் மொழியியல் துறைகளில் தமிழ் வாக்கிய அமைப்பைப் பற்றிய ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. அவை நூலகத்தில் இருக்கின்றன. நான்காம் வகுப்பில் இல்லை. அங்கே கொண்டுவந்து சேர்ப்பது பள்ளிக் கல்வித் துறையின் வேலை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தமிழ் கற்க வேண்டும் என்று சட்டம் போட்டோம். அது சரியான சட்டம். கற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கு இருப்பதைப்போல, கற்கக்கூடிய வகையில் கொடுக்கும் கடமையும் நமக்கு உண்டு. அந்தக் கடமையைச் செய்யாதவரை, அந்தப் பிள்ளைகள் தமிழில் எடுக்கும் மதிப்பெண் அவர்களுடையது இல்லை, நம்முடையது.